விரும்பி விலகியவர்கள்

ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன் சுவரைத் துடைக்க வேண்டும் என்று ரெத்னோவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் நாள் ஒட்டிய பதினொன்றில் ஏழு மறுநாள் காலைக்குள் விழுந்துவிட்டன. மூங்கில் தட்டியில் எதுவும் ஒட்டாது. சுண்ணாம்புச் சுவரில் ஒட்டும், ஆனால் சுண்ணாம்பையும் உரித்துக்கொண்டு வந்துவிடும். ஒரு வீட்டில் அது கோழிக்கூண்டுக்குள் கிடந்தது. ‘பரம ஏழைக் குடும்பம் - அரசு உதவி பெறுவது’ என்ற சிவப்பு எழுத்துகள், ஓரத்தில் கைகூப்பிச் சிரிக்கும் மாவட்டத் தலைவர், அவர் நெற்றியில் கோழி எச்சம். அன்றிலிருந்து பையில் ஒரு பழைய துணியும் ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்துக்கொண்டாள். பொது நிர்வாகம் என்று மூன்றரை வருடம் படித்ததில் எதுவும் இந்தத் துணி அளவுக்கு உதவவில்லை.

மாவட்டச் சமூகநலத் துறையில் அவளுக்கு மூன்று மாதப் பயிற்சி. முடிவில் அதிகாரி போடும் மதிப்பெண் இல்லாமல் பட்டம் கிடையாது. அலுவலகத்தில் பயிற்சி மாணவி என்றால் ஒப்புக்குச் சப்பாணிதான். முதல் ஆறு வாரம் அவள் தேநீர் வாங்கினாள், பத்து மணிக்குப் பொரித்த தோஃபுவும் பச்சை மிளகாயும் வாங்கினாள், ஜெராக்ஸ் எடுத்தாள். வெள்ளிக்கிழமை காலைகளில் எல்லோரும் வாசலில் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி செய்யும்போது கடைசி வரிசையில் நின்று கையைக் காலை ஆட்டினாள். இரண்டு பெரிய அதிகாரிகள் அவளை இன்னும் ‘புதுப் பொண்ணு’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் அம்மாவோ அக்கம்பக்கத்தில், மகள் அரசாங்கத்தில் இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆகவே ஏழாவது வாரம் பாக் சுபாக்யோ அவளைக் கூப்பிட்டு ஒரு கட்டு ஸ்டிக்கரையும் ஒரு கட்டுக் கடிதத் தாளையும் கொடுத்தபோது அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ‘பாக்’ என்றால் ஐயா மாதிரி; சுபாக்யோ பிரிவுத் தலைவர். ஐம்பது தாண்டியவர், கெட்டவர் இல்லை. மேசைக்குப் பின்னால் ஜன்னலில் ஒரு புறாக்கூண்டு தொங்கவிட்டிருப்பார். கோப்பில் கையெழுத்துப் போடுவதற்கு முன் திரும்பி அந்தப் புறாவை ஒரு தடவை பார்ப்பது வழக்கம்.

“வீடு வீடா போற. ஸ்டிக்கர் ஒட்டற. வீட்டுக்காரங்கள பக்கத்துல நிக்க வெச்சு ஒரு போட்டோ. வேண்டாம்கிறவங்க இந்தக் கடிதத்துல கையெழுத்துப் போடணும். ‘நான் என் விருப்பப்படி உதவியிலிருந்து விலகுகிறேன்’. அவ்வளவுதான்.”

“யாரு சார் வேண்டாம்பாங்க?”

“வெக்கப்படறவங்க வேண்டாம்பாங்க. வசதி இருந்தும் வாங்கிட்டிருக்கிறவன் அந்த வெக்கத்துலயே விலகிடுவான், அதுதான் கணக்கு.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “யாரையும் கட்டாயப்படுத்தாத. ‘விருப்பம், விருப்பம்’னு மூணு தடவ சொல்லு. கையெழுத்து மட்டும் மறக்காம வாங்கிடு.”

வருடக் கடைசிக்குள் மாவட்டத்தில் ஏழைகள் எத்தனை பேர் குறைய வேண்டும் என்று மேலிடத்துச் சுற்றறிக்கை ஒன்று சுவரில் குத்தியிருந்தது. ஏழ்மையைப் பற்றி அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கல்லூரியின் கடுகு மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் ஊர் ஊராகப் போனாள். அந்த வெயிலில் அதைப் போடுவது அடுப்பை இடுப்பில் கட்டிக்கொள்வது மாதிரி. ஆனால் அந்தக் கோட்டுக்கு ஒரு மரியாதை இருந்தது. அம்மா வயதுப் பெண்கள் ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று, இருபத்தொரு வயதுக்காரியை ‘இபு’ என்று அழைத்தார்கள். வயதில் மூத்த பெண்களையும் அதிகாரியம்மாவையும் அப்படித்தான் அழைப்பார்கள். முதல் நாள் கூச்சமாக இருந்தது. நாலாம் நாள் யாராவது அப்படி அழைக்காவிட்டால் சின்னதாக ஒரு குறை தெரிந்தது. அது அவளுக்கே கொஞ்சம் அசிங்கமாகப் பட்டது.

வதுசாரி கிராமத்துக்கு அவள் போனது ஒரு வியாழக்கிழமை. துமினியின் வீட்டு முன்சுவர் புதிதாகப் பச்சை வர்ணம் அடித்துப் பளிச்சென்றிருந்தது. முன்பக்கம் மட்டும்தான். பக்கச் சுவரெல்லாம் பழைய செங்கல். துமினிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நாலு வீட்டில் துணி துவைப்பவள். ஸ்டிக்கரைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது.

“உள்ள வாங்க இபு, மொதல்ல உக்காருங்க” என்றாள். சர்க்கரை தூக்கலாகத் தேநீர் வந்தது. உள்ளே கட்டிலில் அவள் புருஷன் சர்வோனோ படுத்திருந்தார். தென்னை மரமேறிப் பாளை சீவி, பதநீர் இறக்கி, வெல்லம் காய்ச்சி வாழ்ந்த மனிதர். இப்போது இடது முன்கையில் நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. அங்கேதான் ஊசி குத்துவார்களாம்.

“நான் வாரத்துல ரெண்டு நாள் டவுனுக்குப் போறவன், இபு” என்றார் எழுந்து உட்கார்ந்து. “செவ்வாயும் வெள்ளியும். நாலு மணி நேரம் ஏசி ரூம். உங்க ஆபீசர் மாதிரி.”

“வாய மூடுங்க. ரத்தம் சுத்தம் பண்றாங்க, பெருமையப் பாரு” என்றாள் துமினி. ரெத்னோவுக்கு வைத்த தேநீரை அவர் பார்த்தார். சிறுநீரகம் கெட்டவர்; ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் தண்ணீர் கூடாது அவருக்கு. துமினி தன் டம்ளரிலிருந்து ஒரு வாய் கொடுத்தாள். அதை விழுங்காமல் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார்.

பிறகு துமினி விஷயத்தைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மகள் செப்தியைப் பெண் கேட்டு வருகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா பள்ளிக்கூடத்து வாத்தியார். இருபது பேர், இரண்டு வேன்.

“ஞாயித்துக்கிழமை கழிஞ்சு ஒட்டக் கூடாதா? திங்கக்கிழமை நானே ஆபீசுக்கு வந்து வாங்கிட்டுப் போய் ஒட்டறேன். சத்தியமா.”

பட்டியல் வெள்ளிக்கிழமை மூடுகிறது. ஸ்டிக்கர் போட்டோ இல்லையென்றால் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுத வேண்டும். ரெத்னோ அந்தப் பச்சைச் சுவரைப் பார்த்தாள். அடுக்களை வாசலில் நின்றிருந்த செப்தியைப் பார்த்தாள். பொய் இமைமுடி செய்யும் ஆலையில் வேலை அவளுக்கு. ஒல்லியாக, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நின்றாள். ரெத்னோவை விட ஒரு வயது சின்னவளாக இருப்பாள். பாவமாக இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது, மறைப்பானேன்: அன்று வரை அவள் கையில் பதினாறு விலகல் கடிதங்கள். பதினேழு ஆனால் பயிற்சி மாணவர்களிலேயே அவள்தான் முதல்.

“வேற வழி ஒண்ணு இருக்குங்க இபு. இந்தக் கடிதத்துல கையெழுத்துப் போட்டீங்கன்னா ஸ்டிக்கரே வேண்டாம். அரிசியும் மாசப் பணமும் நின்னுரும். அப்புறம் கல்யாணம் முடிஞ்சு திரும்ப மனு குடுத்துக்கலாம்.”

துமினி உடனே சரி என்றுவிடவில்லை. உள்ளே கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். “இவரோட ஆஸ்பத்திரி கார்டுக்கு ஒண்ணும் ஆயிடாதில்ல?”

“அது வேற துறைங்க. கார்டு சுகாதாரம். இது சமூகநலம். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல.”

அவள் பொய் சொல்லவில்லை. இரண்டாம் வருடத் தேர்வில் அந்தத் துறைகளையெல்லாம் கட்டம் கட்டமாக வரைந்து, மேலிருந்து கீழே கோடு இழுத்து, இருபதுக்குப் பத்தொன்பது வாங்கியவள். சுகாதாரத்தின் கட்டத்துக்கும் சமூகநலத்தின் கட்டத்துக்கும் நடுவே கோடு எதுவும் கிடையாது என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. யாரிடமாவது ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. அவளை இபு என்று கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள், அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. அந்த நேரத்தில் அதுவே போதுமாக இருந்தது.

துமினி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, கையெழுத்துப் போட்டாள். பிறகு ரெத்னோவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “நீ நல்லா இருக்கணும்மா. உன் கல்யாணத்துக்கு நான் வந்து பாத்திரம் தேய்க்கிறேன்.”

அடுத்த திங்கட்கிழமை காலைக் கொடியேற்றத்தில் துறைத்தலைவர் ஒலிபெருக்கியில் பேசினார். மாவட்டத்தில் நூற்று முப்பத்திரண்டு குடும்பங்கள் தாமாக முன்வந்து, தன்மானத்தோடு, விலகியிருக்கின்றன. அதிலே பதினேழு ஒரு பயிற்சி மாணவியின் உழைப்பு. அலுவலகத்துக் காக்கி உடுப்புகளெல்லாம் கை தட்டின. ரெத்னோவுக்குத் துறையின் பெயர் அச்சடித்த ஒரு குடை கொடுத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அவள் எடுத்துக்கொண்ட படத்தை அம்மா அன்றைக்கே ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். பாக் சுபாக்யோ கூட அன்றைக்கு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

மாதம் பிறந்து முதல் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு துமினி அலுவலகத்துக்கு வந்தாள். கையில் வாழையிலைப் பொட்டலம். பெண் கேட்டு வந்தவர்கள் கொண்டுவந்த வஜிக். வெல்லமும் தேங்காய்ப்பாலும் விட்டுக் கிளறிய ஒட்டரிசி. ஜோடி இது போல ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று அதைக் கொண்டுவருவது வழக்கம். கொஞ்சம் எடுத்து வைத்து, கெடாமல் ஆவி காட்டிக் காட்டி, இவளுக்கென்று வைத்திருந்தாளாம்.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது கண்ணு. சுவரப் பாத்து மாப்பிள்ளையோட அப்பாவே சொன்னாரு, வீடு சின்னதானாலும் சுத்தம்னு.” பொட்டலத்தை மேசை மேல் வைத்தாள். “உனக்குக் குடுத்துட்டு அப்படியே ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன். இன்னைக்கு ஆஸ்பத்திரியில அவர் கார்ட சொருகினா செவப்பா வருதாம். ‘இந்தக் கார்டு செத்துப்போச்சு’ங்கறா அந்தப் பொண்ணு. மெஷினுக்கு ஏதும் கோளாறா இருக்கும். நீ ஒரு வார்த்த போன்ல சொன்னேன்னா…”

“அவர் எங்க இபு?”

“வெளிய பெஞ்சுல உக்கார வெச்சிருக்கேன். கால் கொஞ்சம் வீங்கியிருக்கு. வெள்ளிக்கிழம பண்ணினதுதானே, அதான்.”

ஏன் என்று ரெத்னோ தனக்குள் சொல்லிக்கொள்ளும் முன்பே கால்கள் பாக் சுபாக்யோவின் அறைக்குப் போய்விட்டன.

அவர் கணினியில் எண்ணைத் தட்டினார். திரையை அவள் பக்கம் திருப்பினார். துமினியின் பெயர், சர்வோனோவின் பெயர், செப்தியின் பெயர், மூன்றுக்கும் எதிரே ‘விலகியவர்’.

“துறை ரெண்டுதான். பட்டியல் ஒண்ணு” என்றார். “அரிசி, பணம், இலவச ஆஸ்பத்திரி, எல்லாம் இதுல இருந்துதான் போகுது. இதுல பேரு போச்சுன்னா எல்லாம் போச்சு. உனக்குத் தெரியாதா?”

“தெரியாது சார்.”

“ம்.” புறாவைத் திரும்பிப் பார்த்தார். “நான் சொல்லியிருக்கணும்.”

“அழிச்சிட முடியாதா சார்? நான் தப்பாச் சொல்லித்தான் அவங்க கையெழுத்துப் போட்டாங்க.”

“யானை வாயில போன கரும்பும்மா இது. தலைநகர்ல பூட்டிட்டாங்க. திரும்ப ஏத்தணும்னா மொதல்லேர்ந்து வரணும். கிராமக் கூட்டம் கூடி ஏழைன்னு தீர்மானம் போடணும். ஸ்டிக்கர் ஒட்டின வீட்டு போட்டோ வேணும். இங்கேர்ந்து மாகாணம், அங்கேர்ந்து தலைநகர். ரெண்டு மாசம். நல்ல நேரமா இருந்தா.”

“அவருக்கு வாரத்துல ரெண்டு தடவ பண்ணணும் சார்.”

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“என் தப்புன்னு நான் எழுதித் தர்றேன்.”

“எழுது. யாருகிட்ட குடுப்ப? என்கிட்ட. நான் மேல குடுப்பேன். அவங்க உன் காலேஜுக்கு அனுப்புவாங்க. உனக்குப் பட்டம் நிக்கும், எனக்கு ஒரு விசாரணை வரும். அந்த மனுஷனுக்கு ஒரு நாள் கூட முன்னாடி நகராது.” எரிச்சலாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு மேசையில் கிடந்த போனை எடுத்து, ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு தெரிந்தவரைப் பிடித்து, பத்து நிமிடம் கெஞ்சினார். அவர் அப்படிக் குழைந்து பேசி அவள் கேட்டதே இல்லை. போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னைக்குச் சாயங்காலம் ஒரு தடவ பண்ணுவாங்க. ஒரே ஒரு தடவ. ‘அடுத்தது கேக்காதீங்க பாக்’னுட்டான்.”

வராந்தாவில் வைத்து ரெத்னோ எல்லாவற்றையும் துமினியிடம் சொன்னாள். தான் சொன்னது தப்பு என்று சொன்னாள். கார்டு செத்தது அந்தக் கடிதத்தால் என்று சொன்னாள். சொல்லும்போது அழக் கூடாது என்று நினைத்திருந்தாள், ஆனாலும் அழுதாள். துமினி கத்துவாள், அந்தக் கோட்டைப் பிடித்து உலுக்குவாள் என்று எதிர்பார்த்தாள். அப்படி உலுக்கியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். வெளியே பெஞ்சில் சர்வோனோ செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கொடிக்கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏறிப் பார்க்கும் உயரம்தான்.

துமினி அந்தப் பக்கம் பார்த்தபடியே கேட்டாள். “அந்த ஸ்டிக்கர் இன்னும் இருக்கா?”

“இருக்கு.”

“அத ஒட்டிட்டா திரும்பக் குடுப்பாங்களா?”

“ரெண்டு மாசம் ஆகும்ங்கறாங்க இபு.”

“குடுப்பாங்களான்னுதான் கேட்டேன்.”

மறுநாள் புதன்கிழமை ரெத்னோ வதுசாரிக்குப் போனாள். குடையை அலுவலகத்திலேயே விட்டுவிட்டாள். கோட்டைப் போட்டுக்கொள்ள மனமில்லை. ஆனால் கோட்டில்லாமல் எந்த வீட்டுக்கும் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அதனால் கையில் மடித்து எடுத்துப் போய் வாசலில் வைத்துப் போட்டுக்கொண்டாள்.

துமினி குளித்துத் தலை வாரி, ஞாயிற்றுக்கிழமை கட்டிய அதே ஊதாச் சட்டையும் பூப்போட்ட கைலியும் உடுத்தியிருந்தாள். போட்டோ அல்லவா. செப்தி அன்று ஆலைக்குப் போகவில்லை. மறுநாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து கல்யாணத் தேதி குறிக்க வருகிறார்கள் என்பதை யாரும் பேசவில்லை. அதைக் கடைசியில் சர்வோனோதான் எடுத்தார்.

“நாளைக்கு வாத்தியார் வந்து படிப்பாரு. வாத்தியாருக்குப் படிக்க ஏதாச்சும் வேணுமில்ல?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. “நேத்து பண்ணினதுல உடம்பு இப்ப லேசா இருக்கு. வெள்ளிக்கிழம வரைக்கும் தாங்கும். அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.”

“தண்ணி குடிக்காம இருந்தா இன்னும் ரெண்டு நாள் தாங்கும்” என்றாள் துமினி.

“அதான் குடிக்கறதில்லையே.”

ரெத்னோ பையிலிருந்து துணியை எடுத்து, நனைத்து, கதவுக்குப் பக்கத்தில் சுவரைத் துடைத்தாள். துணி பச்சையாகிவிட்டது. மலிவு வர்ணம், தொட்டால் மாவாக உதிர்ந்தது. ஸ்டிக்கரின் முதுகை உரித்து ஒட்டி, உள்ளங்கையால் தேய்த்துவிட்டுக் கையை எடுத்தாள். மேல் ஓரம் மெல்லப் பிரிந்து, அப்படியே மடிந்து முன்னால் தொங்கியது. மறுபடி அழுத்தினாள். மறுபடி தொங்கியது. மூன்றாவது தடவை முழுதாகக் கழன்று அவள் காலடியில் விழுந்தது. பின்பக்கமெல்லாம் பச்சைத் தூள்.

“கடையில பசை வாங்கிட்டு வந்துடறேன்” என்றாள். உடனே அங்கிருந்து ஓடிவிட முடிந்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

“எதுக்கு கண்ணு, வெயில்ல” என்றாள் துமினி. உள்ளே போனாள். சோற்றுப் பானையின் மூடியை எடுக்கும் சத்தம் கேட்டது. கைப்பிடிச் சோற்றோடு வந்தாள். போன மாதத்து அரசாங்க அரிசியில் மிச்சமிருந்தது. சூடு ஆறவில்லை. ஸ்டிக்கரைத் திண்டில் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகில் சோற்றை வைத்து, கட்டைவிரலால் மசித்து மசித்து ஓரம் வரைக்கும் தடவினாள். அவசரமே இல்லாமல், ஒரு மூலை கூட விடாமல் தடவினாள். பிறகு அதைத் தூக்கிச் சுவரில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள்.

“கோணலா இருக்கும்மா” என்றாள் செப்தி. அவள் பேசியது அன்று அது ஒன்றுதான். கிட்டே வந்து, தினமும் ஆயிரம் மயிர்களை வரிசைப்படுத்தும் விரல்களால், ஸ்டிக்கரின் இடது ஓரத்தை ஒரு நூலளவு மேலே நகர்த்தினாள். நேராகிவிட்டது.

சர்வோனோ சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து ஸ்டிக்கருக்கு ஒரு பக்கம் நின்றார். துமினி மறுபக்கம் நின்றாள். செப்தி உள்ளே போய்விட்டாள். ரெத்னோ போனைத் தூக்கிப் பிடித்தாள். திரையில் மூன்று முகங்கள் தெரிந்தன. நடுவில் இருந்தவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நிமிஷம் இரு” என்றாள் துமினி.

மாவட்டத் தலைவரின் கன்னத்துக்கு அடியில் மசியாத ஒரு சோற்றுப் பருக்கை புடைத்துக்கொண்டிருந்தது. அவள் கட்டைவிரலை அதன் மேல் வைத்து, அது தட்டையாகும் வரை அழுத்திக்கொண்டே நின்றாள்.